படத்துக்குக் கீழே எழுதப்படும் பெயர்

தாம்பரத்திலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு நகரின் ஒளிப்படக் கண்காட்சிகளுக்குச் செல்வதை நாங்கள் சில ஆண்டுகளாக வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம். அப்படிச் சென்ற ஒரு நாளில், பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த முதலாமாண்டு மாணவி ஒருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். மலக்குழியில் இறந்துபோன கணவரின் சட்டமிட்ட படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் அது. கீழே ஒளிப்படக்காரரின் பெயர், எடுக்கப்பட்ட ஆண்டு, அச்சிட்ட தாளின் வகை ஆகியவை எழுதப்பட்டிருந்தன. “இந்த அம்மாவின் பெயர் என்ன தோழர்? இந்தப் படம் இங்கே மாட்டியிருப்பது அவருக்குத் தெரியுமா?” என்று அந்த மாணவி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கூடத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை நாங்கள் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. ஏனெனில் ஒடுக்கப்பட்ட மக்களைப் படமெடுத்து, அதன் கீழே பெயருக்குப் பதிலாக வேறொன்றை எழுதும் பழக்கத்துக்கு இந்த நகரத்தில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டரால் தொடங்கப்பட்டது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுவே. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிமுகமாகி இருபது ஆண்டுகள்கூட ஆகாத அக்காலத்திலேயே அங்கு அது கற்பிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்னும் தலைப்பில் எட்டுத் தொகுதிகளைக் காலனிய அரசு வெளியிட்டது. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் மனிதர்களின் பெயர் கிடையாது. சாதியின் பெயரும், அந்தச் சாதியின் ‘குணம்’ பற்றிய குறிப்பும் இருக்கும். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த படங்களை இணையத்தில் இன்று எவரும் காணலாம். எலும்பும் தோலுமான மனிதர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். படம் எடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அமர்ந்திருப்பவர்களில் ஒருவரின் பெயரும் தெரியாது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவிகளால் அளந்து, சாதிக்கு ஒரு சராசரி கண்டுபிடித்து அட்டவணை போட்டவர். 1909இல் ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளைக் கொண்டது. நம் முன்னோர்கள் அதில் படங்களாகவும் அளவுகளாகவும் இருக்கிறார்கள். இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்கு ஆதாரமாக அந்நூலைக் காட்டுவதை நாங்கள் நீதிமன்ற வழக்குகளிலேயே பார்த்திருக்கிறோம். அளந்தவரின் நூல் அளக்கப்பட்டவரை மீண்டும் அளக்கப் பயன்படுகிறது! அதே அருங்காட்சியக வளாகத்தில் இப்போது ஒளிப்படக் கண்காட்சிகள் நடக்கின்றன. தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறி எழும்பூரில் இறங்கும் மாணவர்களுக்கு, படங்களைக் காட்டுவதற்கு முன் இந்தக் கதையை நாங்கள் சொல்லிவிடுவது வழக்கம்.

வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரின் காட்சிக்கூடம் ஒன்றில் எங்கள் மாணவர்களை மட்டும் காவலர் நிறுத்தி, “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் சென்றவர்களிடம் அவர் அப்படிக் கேட்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் கூறு 15(2) கடைகள், உணவகங்கள் ஆகியவற்றுடன் பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்து, சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும் அத்தகைய இடங்களில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக வரையறுக்கிறது. வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு இவை உடனே நினைவுக்கு வந்தன. ஆனால் பேச்சுக் கொடுத்தபோது அந்தக் காவலர் செம்மஞ்சேரிக்காரர் என்று தெரிந்தது. ஒப்பந்தப் பணியாளர், பன்னிரண்டு மணி நேர வேலை. தினமும் அந்த வாசலில் நிற்பவர் உள்ளே மாட்டப்பட்டிருந்த படங்களை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை என்றார். அன்று அவரையும் உள்ளே அழைத்துச் செல்ல முயன்றோம். பணியிடத்தை விட்டு நகர முடியாது என்று மறுத்துவிட்டார். யாருக்கு இந்த இடம் உரியது அல்ல என்பதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உடையையும் காலணியையும் பார்த்து அறிந்துகொள்ளும்படி பழக்கியிருக்கிறார்கள். சட்டம் எட்டாத இடம் இதுதான்.

இனி, கருவி கைமாறிய கதைக்கு வருவோம். மும்பை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களை 1990களின் இறுதியில் தொடர்ந்து படமெடுத்தவர் சுதாரக் ஓல்வே. தமிழகத்தில் அந்தப் பணியை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார். மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன். திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். மலக்குழி மரணங்களில் தந்தையை இழந்த குழந்தைகளை மையமாகக் கொண்ட அவரது ‘நானும் ஒரு குழந்தை’ கண்காட்சி அதே ஆண்டில் நடந்தது.

அந்தத் தலைப்பைச் சற்றுக் கவனியுங்கள். கையால் மலம் அள்ளுவோர் பற்றிய செய்திப் படம் என்றால் நம் நாளிதழ்களுக்கு ஒரே வடிவம்தான் தெரியும்: சாக்கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கரிய தலை. முகம்கூடத் தெளிவாக இராது. பார்ப்பவருக்கு அருவருப்பும் இரக்கமும் ஒருசேரத் தோன்றும். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பழனிக்குமாரின் படங்களில் குழிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையும் வருகிறது: வீடு, பிள்ளைகள், அவர்கள் கையில் பிடித்திருக்கும் தந்தையின் படம், சடங்குக்குக் கூடியிருக்கும் உறவினர்கள். இறந்தவர் ஒரு தந்தையாக, கணவராக, பெயருள்ளவராக நம் முன் வருகிறார்.

நீதிமன்றத்தில் இதற்கு என்ன பயன் என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. பயன் உண்டு. கையால் மலம் அள்ளும் பணியமர்த்தலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிகளையும் மலக்குழிகளையும் தூய்மை செய்ய எவரையும் ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. முதல் மீறலுக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சஃபாய் கர்மசாரி அந்தோலன் வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆணைகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் ஒப்பந்ததாரர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: “நாங்கள் இறங்கச் சொல்லவில்லை, அவர் தவறி விழுந்தார்.” கயிறு எங்கே கட்டப்பட்டிருந்தது, மூடி எவ்வாறு திறக்கப்பட்டிருந்தது, அருகில் எந்த வண்டி நின்றது, முகக்கவசமோ கையுறையோ இருந்ததா என்பதையெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கப்பட்ட படம்தான் சொல்ல முடியும்.

ஆகவே களத்துக்குச் செல்லும் மாணவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நகலாகத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் கேட்கிறது. சட்டத்தின் அட்டவணையில் அதன் படிவம் இருக்கிறது. ஒரு பகுதியைப் பதிவை அளிப்பவரும் மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கைகள் மாறி வந்த படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. எடுத்த கைபேசியையும் மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள். வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள். இது தெரியாமையால் நாங்கள் இழந்த ஆதாரங்கள் உண்டு.

மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். படத்தில் இருப்பவருக்கு அதில் பதிப்புரிமை கிடையாது. அச்சுப்படி விற்கப்பட்டால் அவருக்குப் பங்கு தர வேண்டிய சட்டக் கடமையும் இல்லை. சட்டம் இங்கே தர்ஸ்டனுக்கும் பழனிக்குமாருக்கும் இடையில் வேறுபாடு காண்பதில்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான உறவு மட்டுமே. திரும்பிச் சென்றாரா, படத்தைக் காட்டினாரா, பெயரைக் கேட்டாரா?

வாஷிங்டனில் 1942இல் கறுப்பின ஒளிப்படக்காரர் கார்டன் பார்க்ஸ், அரசு அலுவலகம் ஒன்றைத் துடைக்கும் பெண்ணை அமெரிக்கக் கொடியின் முன் துடைப்பத்துடன் நிறுத்தி எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பார்க்ஸ் அந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. தொடர்ந்து அவர் வீட்டுக்கும், அவர் வழிபடும் தேவாலயத்துக்கும் சென்று படமெடுத்தார். அதனால்தான் அந்தப் பெண்மணி எல்லா வாட்சன் என்னும் பெயருடன் இன்று நினைக்கப்படுகிறார். எல்லா இடத்திலும் பெயரை எழுதிவிட முடியாது என்பதும் உண்மை. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். வன்கொடுமை வழக்கின் சாட்சிகளைக் காட்டிக்கொடுக்கும் படம் அவர்கள் உயிருக்கே உலை வைக்கும். அங்கே பெயரின்மை பாதுகாப்பு. மற்ற இடங்களில் அது வெறும் அலட்சியம்.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை தருகிறார். தன் தலித் அடையாளத்தை வெளிப்படையாகப் பேசும் அவர், ஊரடங்குக் காலத்தில் வீடு திரும்பித் தன் குடும்பத்தையே படமெடுத்தார். ஊரில் தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாட்டி பொன்னுத்தாயின் வழிவந்த வீடு அது. அந்தப் படங்களில் ஓடையும் உறக்கமும் விளையாட்டும் இருக்கின்றன. துயரத்தை மட்டுமே எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துதான் போவார். சென்னை ஒளிப்பட இருபதாண்டு விழாவல்ல, ஈராண்டு விழா! (எங்கள் மாணவர் ஒருவர் துண்டறிக்கையில் செய்த பிழை, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.) 2016இல் தொடங்கிய அந்த ஈராண்டு விழாவின் நான்காம் பதிப்பு 2024–25இல் நடந்தபோது, தமிழக ஒளிப்படக்காரர்களைத் திரட்டி ‘வானேறும் விழுதுகள்’ என்னும் கண்காட்சியை அவர் தொகுத்தார்.

நகரத்துக்குப் போகாமல் தென்புறநகரிலேயே பார்க்க முடியாதா என்றால், முடியும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் 1966 முதல் இருக்கிறது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் மறுபுறம் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணகி நகர், அதற்குத் தெற்கே செம்மஞ்சேரி, உள்ளே தள்ளிப் பெரும்பாக்கம். 2000 முதல் நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள், அவர்களில் பெரும் எண்ணிக்கையில் தலித்துகள், இங்கே பல்லாயிரம் அடுக்குமாடி வீடுகளில் குவிக்கப்பட்டனர். கண்ணகி நகருக்குக் கலை வந்தது 2020இல். மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சேர்ந்து சுவர்களில் பேரோவியங்கள் தீட்டின. சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள் பல மாடி உயரத்துக்கு எழுந்தன. ஓவியங்கள் அழகானவை, அங்கு வாழ்வோரில் பலர் அவற்றை விரும்புகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிறகு படமெடுக்க வருவோர் சுவரைத்தான் எடுக்கிறார்கள், சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்துடன் படியேறுபவரை அல்ல.

சுவர் யாருடையது என்னும் வினா எங்கள் தொழிலிடத்துக்கும் வந்ததுண்டு. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர், நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகியோரின் உருவங்கள் மட்டுமே இருக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலந்தூர் நீதிமன்ற வளாகத்து நுழைவாயிலில் இருந்த அம்பேத்கர் படத்தை அகற்றும் விவகாரம் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. வழக்கறிஞர்கள் போராடினார்கள்; படங்கள் அகற்றப்பட மாட்டா என்று பின்னர் அரசு அறிவித்தது. நீதிமன்றமும் ஒரு காட்சிக்கூடம்தான் என்று அன்று எங்களுக்குத் தோன்றியது.

அந்த மாணவி இப்போது தன் கைபேசியில் பெரும்பாக்கத்தைப் படமெடுத்து வருகிறார். அவருடைய தாய் மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சீருடையில், வண்டியுடன் அவரைப் படமெடுக்க மகள் விரும்பினார். தாய் மறுத்துவிட்டார், பண்டிகைக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் அமர்ந்து, இப்படி எடு என்றார். அப்படியே எடுத்தாயிற்று. குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கயிறு கட்டி இந்தப் படங்களையெல்லாம் மாட்டத் திட்டமிட்டிருக்கிறோம். செம்மஞ்சேரிக் காவலருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். தாயின் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.