உடலின் நினைவு

ஆடித் திங்களில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் வேப்பிலையேந்திச் செல்வோரைக் காணாதார் நம்மில் அரியர். வைசூரியென்னும் பெரியம்மை நம் முன்னோரை எத்துணை அச்சுறுத்தியதென்பதை அவ்வேப்பிலை இன்றும் நினைவூட்டுகின்றது. அக்கொடுநோயைப் பற்றி அவர்கள் ஓருண்மையை நன்கறிந்திருந்தனர். ஒருமுறை வைசூரி கண்டு பிழைத்தவரை அது மீண்டும் தீண்டுதல் அரிது என்பதே அது. அதன் காரணம் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாமக்கல் மலைமேல் நிற்கும் கோட்டைக்கு மதில் எப்படியோ, அப்படியே நம் சரீரத்திற்குத் தோல். கண்ணீரும் உமிழ்நீரும் இரைப்பையின் அமிலமும் அதற்குத் துணைக் காவல். காட்டு வழியில் காலில் முள் தைப்பின், அம்மதிலில் திறப்பு உண்டாகின்றது, கிருமிகள் உட்புகுகின்றன. உடனே இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அவ்விடம் விரைந்து அவற்றை விழுங்குகின்றன. புண் சிவந்து வீங்குவது இப்போரினாலேயாம். சீழ் என்பது பெரும்பாலும் அப்போரில் மடிந்த வெள்ளணுக்களே.

இவ்வணுக்கள் பகைவர் எவரென்று நுணுகி ஆராய்வதில்லை. அவ்வேலை லிம்போசைட்டு என்னும் வேறு வகை வெள்ளணுக்களுடையது. காலில் முள் தைத்தவனுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டுகின்றதன்றோ? அங்கேதான் அவை கூடுகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தையே அறியவல்லது. புகுந்த கிருமியின் வடிவத்தோடு பொருந்தும் அணு எதுவோ அது பல்கிப் பெருகுகின்றது; எதிர்ப்பொருள்களைச் சுரந்து கிருமியைப் பிணிக்கின்றது. இதற்குச் சில நாட்கள் செல்லும். அந்நாட்களில்தான் நோயாளியின் உயிர் ஊசலாடுகின்றது. நோய் நீங்கியபின் அவ்வணுக்களிற் பல மடியினும், சில நெடுங்காலம் எஞ்சி நிற்கும். கள்வன் முகத்தை மறவாத ஊர்க்காவற்காரனைப் போல, அவை அதே கிருமி மறுபடி வருங்கால் காலந்தாழ்த்தாது எதிர்க்கின்றன.

நோயின்றியே இந்நினைவை உண்டாக்கலாமென 1796-ஆம் ஆண்டில் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் மாட்டம்மைப் பாலைக்கொண்டு காட்டினார். சென்னைக் கிண்டியில் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கிங் நிலையம், நம் மாகாணத்திற்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரித்து வந்தது. இந்தியாவில் வைசூரி கடைசியாகக் கண்டது 1975-ஆம் ஆண்டு. உலகினின்றே அது ஒழிந்ததென உலகச் சுகாதார ஸ்தாபனம் 1980-ஆம் ஆண்டில் அறிவித்தது.

எனினும், இந்நினைவையே அழிக்கும் நோயும் ஒன்று உண்டு. தட்டம்மை வைரஸ், நினைவைத் தாங்கும் அணுக்களிலேயே புகுந்து அவற்றைக் கொல்கின்றது. அந்நோய் கண்ட குழந்தைகளிடம் முன்னிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்கு வரை அழிந்தமையை 1 ஆராய்ச்சி 2019-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திற்று. ஆகவே, தட்டம்மை தானே நீங்கும் சிறுநோயென்று எண்ணுதல் பெரும்பிழை. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒருமுறை, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள் மற்றொருமுறை ஊசியிட்டால் குழந்தை அவ்விழப்பினின்றும் காக்கப்படும்.

நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது நும் பாட்டனார் கையிலுள்ள அம்மை குத்திய தழும்பை உற்று நோக்குங்கள். பின்னர், வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு இரண்டாம் ஊசியும் இடப்பட்டதாவென மறவாது கேளுங்கள்.