தலையில் பாய்ந்த குண்டு

திரைப்படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். குண்டடி பட்ட கதாநாயகனை மேசைமேல் கிடத்துவார்கள். டாக்டர் வியர்வை சொட்டச் சொட்டக் குண்டை எடுத்துக் கிண்ணத்தில் 'ணங்' என்று போடுவார். "இனி உயிருக்குப் பயமில்லை" என்பார். மருத்துவம் பயிலும் என்னிடம் விடுதி நண்பர்கள் கேட்பதும் இதுதான்: "மூளைக்குள் பாய்ந்த குண்டை எப்படி ஐயா எடுப்பது?" பல சமயங்களில் அதை எடுப்பதே இல்லை என்றால் அவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

காரணம் யாது? மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. மூளையும் இரத்தமும் மூளையைச் சூழ்ந்த நீரும் அதனை நிரப்பியிருக்கின்றன. விரைந்து வரும் குண்டு தான் சென்ற வழியோடு நில்லாமல் அக்கம்பக்கத்தையும் அதிர்த்துச் சிதைக்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது நாம் பள்ளியில் படித்ததே. பின்னர் இரத்தம் கட்டுகிறது, மூளை வீங்குகிறது, பெட்டியோ விரியாது. அழுத்தம் ஏற ஏற மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. முடிவில் மூச்சை ஆளும் மூளைத்தண்டு நசுங்குகிறது. ஆகவே, தங்கிவிட்ட குண்டைவிடக் கொடிய பகைவர்கள் வீக்கமும் இரத்தக்கட்டும் உள்ளே புகுந்த கிருமிகளுமே.

எனவே முதலில் காக்கப்படுவன மூச்சும் இரத்த அழுத்தமும். அடுத்து சி.டி. ஸ்கேன். அறுவையில் இரத்தக்கட்டு, இறந்த திசு, கைக்கெட்டும் எலும்புத் துணுக்குகள் ஆகியவற்றை அகற்றி, மூளையுறையை நீர் கசியாமல் மூடுகிறார்கள். ஆழத்தில் கிடக்கும் குண்டைத் தேடி நல்ல மூளையைக் கிளறுவதில்லை. வீக்கம் மிகுந்தால் மண்டையோட்டின் ஒரு பகுதியையே கழற்றி வைத்து, வீக்கம் வடிந்தபின் மூடுகிறார்கள்.

முதல் உலகப் போரில், 1917-இல், அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் பெல்ஜியப் போர்முனையில் பணியாற்றினார். பெனிசிலின் தோன்றாத காலம் அது. சிதைந்த மூளையை ரப்பர்க் குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்து, புண்ணை முதல் தடவையிலேயே முற்றும் துப்புரவாக்கி மூடினார். மூன்றே மாதங்களில், அவரிடம் வந்தோருள் இறப்பு நூற்றுக்கு 54-இலிருந்து 29 ஆகக் குறைந்தது!

2011 ஜனவரி 8-இல் அமெரிக்காவின் டூசான் நகருக்கு அருகில் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் தலையில் சுடப்பட்டார். குண்டு இடப்பக்க மூளையை ஊடுருவிச் சென்றது. ஆனால் வலப்பக்கத்துக்குக் கடக்கவில்லை. மருத்துவமனை சேர்ந்த 38 நிமிடங்களுக்குள் அறுவை தொடங்கிற்று. மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. அவர் பிழைத்தார். பேச்சும் வலக்கை, வலக்காலும் பாதிக்கப்பட்டதால், ஒவ்வொரு சொல்லையும் மீண்டும் பழக வேண்டியதாயிற்று. அறுவை உயிரை மீட்கிறது. வாழ்வை மீட்க ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும்.

தலையில் குண்டு பட்டோருள் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்பது கசப்பான உண்மை. ஆயினும், நண்பர்களே, மூச்சிருக்கும்வரை எவரையும் கைவிடலாகாது. சுத்தமான துணியால் காயத்தை மூடுங்கள், உள்ளே எதையும் தேடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுவழி அடைபடாமல் காத்து, மருத்துவமனைக்கு விரையுங்கள். குண்டு உள்ளேயே கிடக்கட்டும். ஆள் பிழைத்தால் போதும்.