ரசிகர் புனைவுகளில் கதைமாந்தர் படும் பாடு

ஏற்கெனவே வெளிவந்த ஒரு நாவல், திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடரின் கதைமாந்தர்களை எடுத்துக்கொண்டு, அதன் வாசகர்களும் பார்வையாளர்களும் எழுதும் புதிய கதைகளே ரசிகர் புனைவுகள். 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்ற ஆங்கிலப் பெயரே பெருவழக்கில் உள்ளது. பெரும்பாலும் இதனால் பணம் எதுவும் கிடைப்பதில்லை. எழுதுபவர் தம் ஆசைக்காக எழுதுகிறார், அதே ஆசை உள்ள மற்றவர்கள் படிக்கிறார்கள்.

இக்கதைகளுக்குள் புதிதாக நுழைபவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். எல்லோரும் கொண்டாடும் நாயகன் சுடப்படுகிறான், சிறையில் வாடுகிறான், நண்பர்களால் கைவிடப்படுகிறான். சில கதைகளில் பக்கம் பக்கமாகக் காயமும் காய்ச்சலும்தான். மகன் அல்லது மகளின் கைப்பேசியில் இப்படியொரு கதையைக் கண்ட பெற்றோர், பிள்ளையின் மனத்தில் ஏதோ கொடூரம் புகுந்துவிட்டது என்று அஞ்சுவதும் உண்டு. ஒரு கதைமாந்தரை இவ்வளவு வதைப்பவர் அவரை வெறுக்கிறாரா?

வலியின் அளவை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. கதைமாந்தரின் மனம் அந்தக் கதைக்குள் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்க்க வேண்டும்.

வலியும் தேறுதலும்

1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் ரசிகர்கள் தமக்குள் சிற்றிதழ்கள் நடத்தினார்கள். 1967இல் வந்த 'ஸ்பாக்கனேலியா' அவற்றுள் முன்னோடி. தட்டச்சு செய்து, நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்போமே, அந்த முறையில் படியெடுத்து அஞ்சலில் அனுப்பிய இதழ்கள் அவை. பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய இதழ்களில் ஒரு கதைவகை வேரூன்றியது. ஒருவர் அடிபடுவார், மற்றவர் அருகில் இருந்து தேற்றுவார். அடிபடுபவர் பெரும்பாலும் ஸ்பாக் அல்லது கேப்டன் கிர்க். ஆங்கிலத்தில் இதற்கு 'ஹர்ட் கம்ஃபர்ட்' என்று பெயர். வலியும் தேறுதலும் என்று நாம் சொல்லலாம்.

ஏன் ஸ்பாக்? அவர் பாதி மனிதர், பாதி வல்கன் என்னும் வேற்றுக்கோள் இனத்தவர். உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருப்பது அவ்வினத்தின் ஒழுக்கம். நலமாக இருக்கும்வரை அவர் வாயிலிருந்து அன்பான சொல் ஒன்றைப் பெறுவது கடினம். காய்ச்சலில் கிடக்கும்போதோ உயிருக்குப் போராடும்போதோதான் அந்தப் பூட்டு திறக்கும். கிர்க்கும் தன் பதவியை மறந்து கட்டிலருகே உட்காரலாம். கதைக்குத் தேவைப்பட்டது அந்த நெருக்கம், அதற்கு வழிவிடத்தான் காயம் வருகிறது. தொடரில் ஒரு நொடி மட்டும் தலைகாட்டிய பாசத்தை ரசிகர்கள் இருபது பக்கத்துக்கு நீட்டிக்கொண்டார்கள்.

ரசிகர்களிடையே பல ஆண்டுகள் பழகி ஆய்வு செய்த கமில் பேகன்-ஸ்மித், 1992இல் வெளியான தம் 'என்டர்பிரைசிங் விமன்' நூலில் இவ்வகைக் கதைகளை விரிவாகப் பேசுகிறார். ரசிகர் புனைவை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் அந்நூல் முன்னிறுத்துகிறது. தேறுதலைக் குறைத்து வலியையே நீட்டும் கதைகளுக்கு இன்று 'வம்ப்' என்று பெயர். தமிழ்க் காதில் அது வம்பு என்றே விழும், பொருத்தம்தான். அதிலும்கூட வதைபடுபவர் பெரும்பாலும் எழுதுபவருக்கு மிகப் பிடித்தவரே. அவரது மூச்சுத் திணறல், அவரது பயம், யாராவது வருவார்களா என்ற அவரது ஏக்கம் என்று எல்லாம் அவர் கண் வழியாகவே சொல்லப்படும்.

இதனோடு ஆர்தர் கோனன் டாயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அவருக்கே ஹோம்ஸ் மீது சலிப்பு வந்துவிட்டது. ஹோம்ஸைக் கொன்றுவிடும் எண்ணத்தை 1891இலேயே தம் தாயாருக்கு எழுதினார். 1893 டிசம்பரில் 'ஸ்டிராண்ட்' இதழில் கொன்றும் விட்டார். எப்படி? ஹோம்ஸ் ரைகன்பாக் அருவியில் விழுந்ததை வாட்சன் நேரில் பார்ப்பதில்லை. காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும் வைத்து நாமும் வாட்சனும் ஊகித்துக்கொள்கிறோம். சித்திரவதை இல்லை, காய்ச்சல் இல்லை. சலித்துப்போனவர் சீக்கிரம் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ரசிகரோ காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார்.

பேஷிங்

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. ஒரு கதைமாந்தரைத் திட்டமிட்டுக் கெட்டவராகவோ மூடராகவோ காட்டி அவமானப்படுத்தும் கதைகளை 'பேஷிங்' என்பார்கள். ஹாரி பாட்டர் கதைகளில் ரான் வீஸ்லி இதற்கு அதிகம் ஆளானவன்.

இவ்வகைக் கதைகளுக்கு ஏறத்தாழ ஒரே அச்சுதான். ஹாரி ஒருநாள் கிரிங்காட்ஸ் வங்கிக்குப் போகிறான். தன் கணக்கிலிருந்து டம்பிள்டோர் பணத்தை எடுத்து, நட்பாக நடிப்பதற்குக் கூலியாக ரானுக்குக் கொடுத்து வந்தது தெரியவருகிறது. ஜின்னி அவனுக்குக் காதல் மருந்து கொடுத்திருக்கிறாள். எல்லோரும் தண்டிக்கப்படுகிறார்கள், ஹாரி வேறொரு துணையோடு நிம்மதியாக வாழ்கிறான்.

மூலநூலில் இதற்குப் பிடி எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. நான்காம் நூலில் ரான் பொறாமையால் ஹாரியோடு பேசாமல் இருக்கிறான். 2007இல் வந்த ஏழாம் நூலில் நண்பர்களை நடுவழியில் விட்டுப் போகிறான். ஆனால் அதே ஏழாம் நூலில் திரும்பி வந்து, உறைந்த குளத்தில் மூழ்கவிருந்த ஹாரியைக் காப்பாற்றுகிறான். பேஷிங் கதைகள் அவன் போனதை வைத்துக்கொண்டு வந்ததை விட்டுவிடுகின்றன. திரைப்படங்களுக்கும் இதில் பங்குண்டு. மூன்றாம் நூலில் கால் உடைந்த நிலையிலும் எழுந்து நின்று, ஹாரியைக் கொல்வதானால் எங்களையும் கொல்ல வேண்டும் என்ற பொருளில் சிரியஸ் பிளாக்கிடம் சொல்பவன் ரான். 2004இல் வந்த படத்தில் அந்த வசனம் ஹெர்மயனிக்குப் போய்விட்டது. படத்தை மட்டும் பார்த்தவருக்கு ரான் முகம் சுளித்து நகைப்பூட்டும் பையனாகவே நினைவில் நிற்பான்.

சரி, இது வெறுப்பா? பல கதைகளில் இதை இடைஞ்சலை அகற்றும் வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஹாரியும் ஹெர்மயனியும் சேர வேண்டும் என்று விரும்பும் எழுத்தாளருக்கு ரான் வழியில் நிற்கிறான். மூவருக்கும் நியாயம் செய்து அந்தப் பிரிவை எழுதுவது கடினம். ரானை வில்லனாக்கிவிட்டால் யாருக்கும் குற்றவுணர்ச்சி இல்லை. இதை எழுத்துச் சோம்பல் என்பேன். காதல் இணைகளுக்குக் குறுக்கே வரும் பெண் பாத்திரங்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஆணாக இருந்தால் மன்னிக்கப்படும் தவறு, பெண்ணாக இருந்தால் மன்னிக்கப்படுவதில்லை. அங்கே சோம்பலோடு சமூகத்தின் பழைய கோபமும் கலந்துவிடுகிறது.

கடுமை என்றாலே கோபம் அந்தப் பாத்திரத்தின் மீதுதான் என்றும் கொள்ளக் கூடாது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையை யாரும் ரசிகர் புனைவு என்று சொல்லமாட்டார்கள். ஆயினும் அதுவும் பிறர் படைத்த மாந்தரை எடுத்து எழுதிய கதையே. சீதையின் அக்கினிப்பிரவேசத்தைக் கேட்டறிந்த அகலிகை இறுதியில் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். அவளுக்கு அதைவிடக் கொடிய முடிவு இல்லை. ஆனால் கதையின் கோபம் அவள்மேல் துளியும் இல்லை, அவளுக்கும் சீதைக்கும் இழைக்கப்பட்டதன் மேல்தான்.

உண்மையான வெறுப்பு

கதைக்குள் இருக்கும் கடுமை ஒரு மனிதர் பக்கம் திரும்பும்போது கணக்கு மாறுகிறது. 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் தயாரிக்கும் கணவனை எதிர்த்து நிற்கும் ஸ்கைலராக நடித்தவர் அன்னா கன். பாத்திரத்தின் மீதான வெறுப்பு தம்மீதே படிந்ததையும், தம்மைக் கொல்வதற்கு இருப்பிடம் கேட்டு இணையத்தில் ஒருவர் எழுதியதையும் 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அவரே பதிவு செய்தார். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரான், இனத்தையும் பாலினத்தையும் இழிவுபடுத்தும் வசைகளுக்கு ஆளாகி, 2018இல் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். இந்த ஏச்சுகளுக்குக் கதை என்ற மறைப்புகூட இல்லை. ஸ்பாக்கை இருபது பக்கம் வதைத்தவர் யாரையும் புண்படுத்தவில்லை. ஒரு கதைகூட எழுதாமல் நடிகையைத் திட்டியவர் புண்படுத்தினார்.

வகுப்பில் பிள்ளைகள் எழுதும் கதைகளிலும் இதைக் காணலாம். நாயகனைக் கிணற்றில் தள்ளிவிட்டு அவன் என்ன நினைத்தான் என்று எழுதும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. உடன்படிக்கும் ஒருவனுடைய பட்டப்பெயரை வில்லனுக்கு வைத்திருந்தால் மட்டும் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

இணையத்தில் ரசிகர் புனைவுகளைச் சேமிக்கும் பெரிய தளங்களுள் ஒன்று 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து, 2019இல் ஹியூகோ விருதும் பெற்றது. கடும் வன்முறையோ முக்கியப் பாத்திரத்தின் சாவோ இருந்தால் எச்சரிக்கை தரவும், சொல்ல விருப்பமில்லை என்றால் அதையே குறிப்பிடவும் அங்கு ஏற்பாடு உண்டு. எழுதுபவர்கள் தம் விருப்பப்படி வேறு குறிச்சொற்களையும் சேர்க்கலாம். ரானை ஏசும் கதைகள் பலவற்றில் அந்த அடையாளம் முகப்பிலேயே இருக்கும், பிடிக்காதவர் ஒதுங்கிக்கொள்ளலாம். அதே தளத்தில் 'ரான் வீஸ்லி நல்ல நண்பன்' என்ற பொருள்படும் குறிச்சொல்லும் இருக்கிறது. அதன்கீழும் கதைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.