துணியைத் தூக்கும் பனிக்கட்டி

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "காரையே ரோபோ வெல்டிங் பண்ணுதே, எங்க கம்பெனியில பனியன் பீஸை எடுத்துக் கொடுக்க மட்டும் ஏன் இன்னும் ஆள் வேணும்?"

இரும்புத் தகடு எடுத்த இடத்தில் இருந்தபடியே வைக்கும் இடத்திலும் இருக்கும். துணியில் பிடித்த இடம் தவிர மற்றதெல்லாம் தொங்கும், மடங்கும். பனியன் துணி வெட்டிய ஓரத்தில் தானாகவே சுருண்டுகொள்ளும். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ரோபோ ஒன்று, குவித்துப் போட்ட துண்டுகளை மடித்துக் காட்டியது. ஒரு துண்டுக்குச் சராசரியாக 24 நிமிடத்துக்கு மேல் ஆனது.

மடிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டுமே. அடுக்கி வைத்து ஒன்றாக வெட்டிய பீஸ்களில், கத்தி பட்ட ஓரங்களில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கட்டை விரலால் ஓரத்தை லேசாக நெருடி, நெளிவு எழுப்பி, மேல் பீஸை மட்டும் பிரித்தெடுக்கிறார்களே, அந்த விரல்களுக்குக் கைமடி, ஹெல்பர் என்று பெயர் வைத்துக் கூலியில் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறோம். பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டும் வேலையைத் திறன் தேவைப்படாத வேலை என்று கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

விரல்களுக்குப் பதிலாக ரோபோவின் கையில் உறிஞ்சுகுழலை வைத்தால் காற்று துணியின் துளைகள் வழியே புகுந்து அடித்துணியையும் சேர்த்து இழுக்கும். ஊசிப் பிடிப்பானில் நுண்ணிய ஊசிகள் எதிரெதிராகச் சாய்ந்து துணிக்குள் இறங்கும். ஆழம் சற்றுக் கூடினாலும் இரண்டு பீஸ் வரும். மெல்லிய பின்னலில் கண்ணி அறுந்து ஓட்டை விழும்.

என்னை மயக்கியது பனிக்கட்டிப் பிடிப்பான். ஓர் உலோகத் தகடு, அதன் முதுகில் பெல்டியர் வில்லை. மின்சாரம் பாய்ந்தால் வில்லையின் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். துணியில் சிறிது நீரைத் தெளித்துத் தகட்டை வைத்ததும் நீர் உறைந்து, தகட்டையும் இழைகளையும் சேர்த்துக் கவ்விக்கொள்கிறது. ஈரக் கையோடு ஃப்ரீசரில் ஐஸ் டிரேயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளுமே, அதே சங்கதிதான். நீரின் அளவில்தான் சூட்சுமம். மேல் துணியைத் தாண்டி ஈரம் இறங்காவிட்டால் அடித்துணி ஒட்டாது. கொண்டுபோய் வைத்தபின் மின்சாரத்தின் திசையை மாற்றினால் தகடு சூடாகிறது, பனி உருகுகிறது, துணி விடுபடுகிறது. ஊசித் துளை கிடையாது. மிஞ்சும் ஈரமும் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

2016இல் ஜொனாதன் ஜோர்னோ என்ற அமெரிக்கர் ரோபோவின் கையை விட்டுவிட்டுத் துணியையே மாற்றினார். நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹாலில் தோய்த்து விறைப்பாக்கி, ரோபோவைக் கொண்டு ஒரு முழு டி-ஷர்ட்டைத் தைத்து, பிறகு வெந்நீரில் அலசி எடுத்தார். தோய்க்கவும் உலர்த்தவும் அலசவும் தனி வேலை பிடிக்கும். நனையக் கூடாத துணிக்கு இந்த வழியும் உதவாது, பனிக்கட்டியும் உதவாது.