உஷார்! தேர்வு பயத்துக்கு விலை பேச வருகிறார்கள்

ஜிஆர்இ, ஜிமேட் தேர்வுக்கு நாள் குறித்துவிட்டு உறக்கமில்லாமல் தவிப்பவர்களே, உஷார்! "அசல் கேள்விகள் கைவசம் இருக்கின்றன, பேநவ்வில் முன்பணம் போடுங்கள்" என்று டெலிகிராமில் யாராவது வந்தால் அந்த நொடியே தடை செய்யுங்கள். "உங்களுக்குப் பதிலாக நாங்களே எழுதுகிறோம்" என்பவரையும் அப்படியே. மனம் தெளிவாக இருக்கும்போது இவர்களை யாரும் நம்புவதில்லை. மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்த இரவில்தான் கை அந்தப் பக்கம் போகும். சந்தேகம் வந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

பணத்தோடு போகிற விஷயமல்ல இது. ஜிமேட் கேள்விகளை விற்ற ஸ்கோர்டாப் என்ற இணையதளத்தின் மீது தேர்வை நடத்தும் அமைப்பு வழக்குப் போட்டு 2008இல் வென்றது. சிக்கிய கணினி விவரங்களைக் கொண்டு அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்களைத் தேடினார்கள். 84 பேரின் மதிப்பெண்கள் ரத்தாயின. அவர்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கும் தகவல் போனது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு வழக்கறிஞர் தேர்வில் முறைகேடு செய்தவர்களும் சட்டப் பட்டதாரிகள்தான். 2022 ஏப்ரலில் ஆறு பேரின் விவகாரம் உயர் நீதிமன்றத்தில் வெளிவந்தபோது, அவர்கள் வழக்கறிஞராகும் நாள் தள்ளிப்போனது. பெயர்களும் ஊரறிந்தன.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது கைமாறும் மாத்திரை. படபடப்பை அடக்க "ஒன்று போட்டுக்கொள், கை நடுங்காது" என்று ப்ரோப்ரனலால் கொடுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் போய் வந்த பெட்டியிலும் அது வரும். சிங்கப்பூரில் அது மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே வாங்கக்கூடிய மருந்து. காரணமில்லாமல் அந்த விதி வரவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் அதே மருந்து, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் நெஞ்சு அடித்துக்கொண்டு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையையே இது மறைத்துவிடும். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? தயவுசெய்து பலதுறை மருந்தகத்திலோ பக்கத்துக் கிளினிக்கிலோ மருத்துவரைப் பாருங்கள். "தேர்வு பயம்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள், அவர் தினமும் கேட்பதுதான்.

நெஞ்சு படபடத்தால் தோற்றுவிடுவோம் என்ற நினைப்பே தவறு. 2010இல் ஜெரமி ஜேமிசனும் சக ஆய்வாளர்களும் ஜிஆர்இ எழுதவிருந்த மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். படபடப்பு கெடுக்காது, உதவவும் கூடும் என்று ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். கணிதப் பகுதியில் அவர்கள் மற்றவர்களை முந்தினார்கள், சோதனைக்கூடத்திலும், பிறகு உண்மையான தேர்விலும். சிறிய ஆய்வுதான். ஆனாலும் காசில்லாத, பக்கவிளைவில்லாத மருந்து இது; நான் முழுமனதாகப் பரிந்துரைக்கிறேன்.

இன்னொன்றையும் மனத்தில் பதியுங்கள். ஜிஆர்இயை 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. எந்த மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதும் உங்கள் கையில். "ஒரே வாய்ப்பு" என்று பயமுறுத்தித் துணைப்பாட வகுப்பு விற்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தேர்வு இப்போது 1 மணி 58 நிமிடம், நடுவில் இடைவேளை கிடையாது. வீட்டில் சத்தமென்றால் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, நடுவில் எழாமல் ஒரு மாதிரித் தேர்வையாவது எழுதிப் பழகுங்கள்.

பயத்தில் கண்ணிலிருந்து நழுவுவது பெயர். பாஸ்போர்ட்டில் 's/o', 'd/o' சேர்ந்தோ ஒரே பெயராகவோ இருக்கும் நம்மவர்கள் பதிவில் வேறு மாதிரி எழுதிவிடுகிறார்கள். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டணமும் போகும். வேலை அனுமதியில் இங்கிருக்கும் இந்தியக் குடிமக்கள் பாஸ்போர்ட்டையே கொண்டுபோக வேண்டும், அனுமதி அட்டை போதாது. இன்றிரவே பதிவையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அதற்கும் மேல் மனம் அடங்காமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் மனநல உதவி எண்ணான 1771ஐ அழையுங்கள், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.