பணியில் இருக்கும் நாயும் பரிவு தரும் நாயும்

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் வாடிக்கையாளர்கள், அங்குள்ள கடைகளிலும் வங்கிக் கிளைகளிலும் சிலர் நாயுடன் வருவதைக் கண்டிருக்கலாம். அவை பெரும்பாலும் சேவை நாய்கள். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வலம் வரும் சிகிச்சை நாய்கள் வேறு வகையின. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் துன்புறுபவர் மாற்றுத்திறனாளியே.

சேவை நாய் ஒரே ஒருவரின் தேவைக்காகப் பயிற்றுவிக்கப்படுவது. பார்வையற்றவரை வழிநடத்துதல், செவித்திறன் இழந்தவருக்கு அழைப்பு மணியை உணர்த்துதல், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த பொருளை எடுத்துத் தருதல் போன்றவை அதன் கடமைகள். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சாலையை எப்போது கடப்பது என்பதை வாகன ஓசை கேட்டு முடிவு செய்பவர் பார்வையற்றவரே. ஆயினும் வாகனம் நெருங்கி வந்தால், அவருடைய கட்டளையை மீறி நிற்கவும் வழிகாட்டி நாய் பயிற்சி பெறுகிறது.

சிகிச்சை நாயோ பலருக்காகச் செல்வது. சாந்த குணமுள்ள அந்நாயை அதன் உரிமையாளர் அழைத்துச் செல்கிறார். நோயாளிகள் அதைத் தடவிக் கொடுத்து ஆறுதல் பெறுகின்றனர். எனினும், அழைப்போ அனுமதியோ உள்ள இடங்களுக்கு மட்டுமே அது செல்ல இயலும்.

1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டப்படி, பொதுமக்கள் செல்லும் இடங்களில் சேவை நாய்க்கு அனுமதி உண்டு. தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது, ஊழியர்கள் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம்: இயலாமையின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? எந்தப் பணிக்குப் பயிற்சி பெற்றது? சான்றிதழ் கேட்கக் கூடாது. எதற்கும் ஆவணம் கேட்டே பழகிய எங்களைப் போன்ற வங்கிப் பணியாளர்களுக்கு இது வியப்பளிக்கும். தம் உடற்குறையைப் பலர் முன்னிலையில் விவரிக்க வேண்டிய நிலை எவருக்கும் நேரக் கூடாது என்பதே இதன் பயன். நாய் கட்டுக்கடங்காமல் நடந்து, உரிமையாளரும் அதை அடக்காவிடில் வெளியேற்றலாம். அப்போதும் அவருக்குரிய சேவையை மறுக்கலாகாது.

இந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, செல்ல நாய்க்குச் சேவை நாயின் மேலங்கியை அணிவித்து அழைத்து வருவோரும் உண்டு. அத்தகைய நாய் ஒரு முறை பாய்ந்தால், அடுத்து வரும் பார்வையற்றவரே சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் அரிதே. எனினும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம், 2016, பாகுபாடின்றி நடத்தப்படும் உரிமையை அனைவருக்கும் உறுதி செய்கிறது. எங்கேனும் சேவை நாயைக் கண்டால், அதை அழைக்காதீர்கள், தொடாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். ஒரு நொடிக் கவனச்சிதறலும் உடன் வருபவரை இடறி விழச் செய்யலாம். பேச வேண்டுமெனில், அந்த மனிதரிடம் பேசுங்கள்.