சர்வரில் பிஎச்பி நிறுவும்போது உண்மையில் என்ன நடக்குது?

"பிஎச்பி நிறுவுவது எப்படி?" என்று தேடினால் வரும் பக்கங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது மாதிரிதான் இருக்கும். நாலு கமாண்ட் அடிக்கச் சொல்வார்கள். கடைசியில் ஒரு சோதனை ஃபைல். அதை பிரவுசரில் திறந்ததும் வெளிர் ஊதா நிறத்தில் நீளமாக ஒரு தகவல் பக்கம் வந்துவிட்டால், "அவ்ளோதான், முடிஞ்சது!"

எனக்கு அந்த "முடிஞ்சது" மேலதான் சந்தேகம். ஊதாப் பக்கம் நிரூபிப்பது ஒரே ஒரு விஷயத்தை: அந்த ஒரு ஃபைலை சர்வர் பார்சரின் கையில் கொடுத்திருக்கிறது. வேற எதையெல்லாம் கொடுக்கும்? எதைக் கொடுக்கவே கூடாது? பார்சர் காணாமல் போனால் சர்வர் என்ன செய்யும்? இதுக்கெல்லாம் அதில் பதில் கிடையாது. உங்க தளத்தின் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ளேயே இருக்குமா, ஊருக்கே தெரியுமா என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கு.

அடிப்படையிலிருந்து வருவோம். வெப் சர்வருக்கு பிஎச்பி தெரியாது. அப்பாச்சி ஆகட்டும், என்ஜின்எக்ஸ் ஆகட்டும், யாராவது ஒரு ஃபைலைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. படம் கேட்டா படம், எழுத்து கேட்டா எழுத்து. டாட் பிஎச்பி என்று முடியும் ஃபைலும் அதன் கண்ணுக்கு இன்னொரு எழுத்து ஃபைல்தான். "இதை மட்டும் நீயே கொடுத்துடாதே, பார்சர்கிட்ட கொடு, அது திருப்பித் தர்றதை அனுப்பு" என்று நாம் சொல்லி வைக்கிறோமே, அந்த ஒரு ஏற்பாடுதான் நிறுவுதல். மத்ததெல்லாம் வெறும் டவுன்லோட்.

பார்சரின் குணத்தையும் பார்த்துடலாம். 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் இதை வெளியிட்டபோது வைத்த பெயர் 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. எச்டிஎம்எல் நடுவே அங்கங்கே நிரலைச் செருகி எழுதுவதுதான் இன்றுவரை இந்த மொழியின் அமைப்பு. கோணக்குறி, கேள்விக்குறி, பிஎச்பி என்ற மூணு எழுத்து. இப்படித் தொடங்கும் குறிக்குள் இருப்பது மட்டும் நிரல். வெளியே இருப்பது எதுவானாலும் அப்படியே பிரவுசருக்குப் போய்விடும். புரியாத கட்டளையைப் பார்த்தால் மத்த மொழிகள் பிழை காட்டி நின்றுவிடும். பிஎச்பி குறியை அடையாளம் தெரியவில்லை என்றால் நிற்காது, எழுத்து என்று நினைத்து ஒப்பித்துவிடும்.

இதுக்கு அருமையான உதாரணம் சுருக்கக் குறி. பழைய நிரல்களில் பிஎச்பி என்ற மூணு எழுத்தைப் போடாமல் வெறும் கோணக்குறி, கேள்விக்குறியோடு ஆரம்பிப்பார்கள். பிஎச்பியோடு மாதிரியாக வரும் அமைப்பு ஃபைலில் இந்தச் சுருக்கக் குறி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆக, புது சர்வரில் ஊதாப் பக்கம் ஜோராக வரும். அதே சர்வரில் பழைய நிரல் மூலத்தோடு வெளியே கொட்டும். சோதனைக்காக ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் வேண்டுமென்றே இப்படி வைத்துப் பார்த்தேன். பிரவுசரில் பார்த்தால் பக்கம் பாதி காலி. ஏன்னா அந்தத் தொடக்கக் குறியை பிரவுசர் ஏதோ உடைந்த குறிப்புரை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த மூடும் கோணக்குறி வரும்வரை மறைத்துவிடுகிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் இருக்கு. கண்ணுக்குத் தெரியலைன்னா கசியலைன்னு அர்த்தம் இல்லை.

சரி, கைமாற்றத்துக்கு வருவோம். அப்பாச்சியில் பழைய வழி, பார்சரை ஒரு மாட்யூலாக சர்வருக்குள்ளேயே ஏற்றிவிடுவது. எளிமையானது, இன்னமும் நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: மாட்யூல் ஏறவில்லை, ஆனால் அப்பாச்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கைமாற்ற ஏற்பாடும் சேர்ந்தே காணாமல் போய்விடும். டெபியன், உபுண்டுவில் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும்போது, புது மாட்யூலை இயக்கி வைக்காமல் விட்டால் இதுதான் நடக்கும். சர்வர் தன் இயல்புக்குத் திரும்பி ஃபைலை அப்படியே எடுத்து நீட்டும். திறந்து காட்டுமோ, டவுன்லோட் ஆகுமோ, எப்படியும் உள்ளடக்கம் கைவிட்டுப் போச்சு.

இது சின்னத் தளங்களுக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் முகப்புப் பக்க பிஎச்பி மூலம் வெளியே வந்து, யாரோ அதை ஒரு வலைப்பூவில் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு சர்வரின் அமைப்பு தவறாக இருந்ததுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது.

என்ஜின்எக்ஸ் வேற ரகம். பார்சரை உள்ளே ஏற்றிக்கொள்ளாது. எஃப்பிஎம் என்ற தனிச் சேவை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 2010-இல் வந்த 5.3.3 பதிப்பில் பிஎச்பியோடு சேர்ந்த சரக்கு அது. என்ஜின்எக்ஸ் ஒரு சாக்கெட் வழியாக "இந்த ஃபைலை ஓட்டு" என்று முகவரி அனுப்பும். எஃப்பிஎம் செத்துப் போயிருந்தால்? 502 என்று பிழை வரும். புதிதாக நிறுவுகிறவர்கள் இந்த 502-ஐப் பார்த்து நொந்து போவதைப் பார்த்திருக்கேன். எனக்கென்னவோ அதுதான் மரியாதையான பிழை. பார்சர் இல்லை, ஆனாலும் மூலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே அப்பாச்சியிலும் எஃப்பிஎம்மை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒண்ணு மட்டும் கவனிங்க: சாக்கெட்டுக்குப் பதிலாக 9000 போர்ட்டில் ஓட்டினால், அது அந்த இயந்திரத்துக்குள் மட்டுமே கேட்க வேண்டும். வெளி உலகத்துக்குத் திறந்திருந்தால், அந்த நெறிமுறை தெரிந்த யார் வேண்டுமானாலும் எஃப்பிஎம்மிடம் நேரடியாகப் பேசி அதையும் இதையும் ஓட்டவைக்கலாம்.

இதுவரை பார்த்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத கதை. கொடுக்கக் கூடாததைக் கொடுக்கிற கதை இன்னும் மோசம்.

உங்க தளத்தில் படம் ஏற்றும் வசதி இருக்குன்னு வைங்க. அப்பாச்சியில் "இந்தப் பின்னொட்டு இருந்தால் பார்சரிடம் கொடு" என்று பொதுவாகச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. ஒரு ஃபைலுக்குப் பல பின்னொட்டு இருக்கலாம் என்பது அப்பாச்சியின் கணக்கு. அதனால் 'படம் டாட் பிஎச்பி டாட் ஜேபிஜி' என்று ஒருவர் ஏற்றினாலும் நடுவில் இருக்கும் பிஎச்பியைப் பார்த்து ஓட்டிவிடும்! பெயர் பிஎச்பி என்று முடிந்தால் மட்டும் கொடு என்று எழுதச் சொல்லி பிஎச்பி கையேடு வலியுறுத்துவது இதனால்தான்.

என்ஜின்எக்ஸ் பக்கமும் ஒரு பொறி உண்டு. ஏற்றிய படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, இல்லாத ஒரு பிஎச்பி ஃபைலின் பெயரைச் சேர்க்கிறார்கள். முகவரி பிஎச்பி என்று முடிவதால் என்ஜின்எக்ஸ் அதை எஃப்பிஎம்மிடம் தள்ளும். பார்சர் தேடும், அப்படி ஃபைல் இல்லை. சும்மா இருக்குமா? உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாதையில் ஒரு படி பின்னால் போய், இருக்கிற படத்தை எடுத்து ஓட்டும். படத்துக்குள் நிரல் ஒளிந்திருந்தால் தீர்ந்தது. 5.3.9 பதிப்பிலிருந்து எஃப்பிஎம் இயல்பாகவே படம் போன்ற ஃபைல்களை ஓட்ட மறுக்கும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் பழைய குறிப்புகள் எங்காவது கண்ணில் பட்டால் தாண்டிப் போயிடுங்க.

மூணாவது வழி சிஜிஐ, பார்சரைத் தனி நிரலாக ஒவ்வொரு முறையும் கூப்பிடுவது. இது செத்துப்போன வழி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதில் சமக்குறி இல்லை என்றால், அதைக் கட்டளை வரிச் சொற்களாக நிரலிடம் கொடுக்கலாம் என்று சிஜிஐ விதியிலேயே ஓர் இடம் இருக்கு. பார்சருக்கோ கோடு போட்டு 'எஸ்' என்றால் மூலத்தை வண்ணத்தில் காட்டு என்று பொருள். கோடு போட்டு 'டி' என்றால் அமைப்பையே மாற்று. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. பிரவுசரில் முகவரிக்குப் பின்னால் மூணு எழுத்து தட்டினால் மூலம் தெரியும், இன்னும் கொஞ்சம் தட்டினால் சர்வரே கைக்கு வரும். 2012-இல் இது வெளியானபோது அவசரமாக வந்த முதல் திருத்தம் போதவில்லை, சில நாளில் இன்னொன்று வந்தது. ஃபேஸ்புக் குறும்பாக, அப்படித் தட்டிப் பார்ப்பவர்களுக்கு வேலைவாய்ப்புப் பக்கத்தின் முகவரியைக் காட்டியது!

முடிந்த கதை என்று இருந்தபோது 2024 ஜூனில் தைவானைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் அதே ஓட்டையை விண்டோஸில் மறுபடி திறந்து காட்டினார். பார்சர் சாதாரணக் கோட்டைத் தடுக்கிறது, சரி. ஆனால் 'மென்கோடு' என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அனுப்பினால், சீன, ஜப்பானிய மொழி அமைப்பில் இருக்கும் விண்டோஸ் அதைச் சாதாரணக் கோடாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. காவலாளி பார்க்கும்போது ஒரு எழுத்து, உள்ளே போனதும் வேறு எழுத்து. விண்டோஸில் பலரும் பயிற்சிக்கு வைத்திருக்கும் எக்ஸ்ஏஎம்பிபி தொகுப்பின் இயல்பான அமைப்பே இதில் மாட்டியது. பயிற்சிக்கு நிறுவியதை அப்படியே இணையத்தில் திறந்துவிடுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கணும்.

நான் நிறுவி முடித்ததும் செய்வது இதுதான். பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைலை சர்வர் கொடுக்கக்கூடிய ஃபோல்டருக்கு வெளியே, ஒரு படி மேலே வைத்துவிடுவேன். பார்சர் அங்கே போய் படிக்கும். சர்வரிடம் யார் கேட்டாலும் எட்டாது. பிறகு பார்சரை நிறுத்திவிட்டுத் தளத்தைத் திறப்பேன்: பிழை வந்தால் நிம்மதி, மூலம் வந்தால் வேலை பாக்கி. ஏற்றும் ஃபோல்டரில் ஒரு பொய்ப் படத்தை வைத்து அதை ஓட்டச் சொல்லி மிரட்டிப் பார்ப்பேன். பதிப்பு எண்ணை டெர்மினலில் கேட்டுத் திருப்தி அடைவதில்லை. டெர்மினலில் ஓடும் பிஎச்பிக்கு ஓர் அமைப்பு ஃபைல், சர்வரில் ஓடுவதற்கு வேறொன்று. இங்கே மாற்றிவிட்டு அங்கே ஏன் மாறலைன்னு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது ஊர் வழக்கம்.

கடைசியில் அந்த ஊதாப் பக்கத்தை நீக்கிவிடுவேன். ஃபோல்டர் பாதைகள், பதிப்புகள், சூழல் மாறிகள் எல்லாம் அதில் பட்டியலாக இருக்கும். சில அமைப்புகளில் பாஸ்வேர்டே சூழல் மாறியில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சோதனை ஃபைலுக்கு எல்லாரும் ஒரே மாதிரி நாலைந்து பெயர்தான் வைக்கிறார்கள், இணையத்தைத் துழாவும் பாட்டுகளுக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம்.